"இன்னும் இருக்கானா?"

அன்புள்ள அம்மாவுக்கு,

முட்டிவலி குறைந்ததா? நாங்கள் மூவரும் நலம்.

போன வாரம் போனில், "அந்த ஆளு இன்னும் இருக்கானா, ஓடிட்டானா?" என்று கேட்டீர்களே, ஸ்பீக்கரில் பாப்பாவும் கேட்டுவிட்டாள். இப்போது அவர் வேலை முடிந்து வந்து ஷூவைக் கழற்றும்போதெல்லாம், "நீ இன்னும் இருக்கியா?" என்கிறாள். முதலில், "இருக்கேன் மாமியாரே" என்று சிரித்தார். நேற்று சிரிக்கவில்லை.

கல்யாணமான நீங்களும் அப்பாவும் என்னைத் தூது விட்டுத்தான் பேசிக்கொண்டீர்கள். "சாப்பிட வரச் சொல்லுடி உங்கப்பாவை." அதைப் பார்த்து வளர்ந்ததால்தான், தாலியோ கட்டாயமோ இல்லாமல் கூட இருப்பவர் போதும் என்று முடிவெடுத்தேன். அது மாறாது. ஆனால் உங்கள் கேள்விக்குப் பிறகு, அவர் வரக் கொஞ்சம் தாமதமானாலும் ஜன்னலுக்குப் போய்த் தெருவைப் பார்க்கிறேன். என்னை அப்படி ஆக்கியதை மன்னிக்க மாட்டேன்.

திட்டுவதென்றால் என்னைத் திட்டுங்கள், பாப்பா காதில் விழாமல்.

உங்கள் பழைய பருத்திப் புடவை ஒன்று அனுப்புங்கள். பாப்பாவுக்கு இல்லை, எனக்கு, போர்த்திக்கொள்ள.

கதவு திறக்கிற சத்தம் கேட்கிறது. வந்துவிட்டார். நிறுத்துகிறேன்.

உங்கள் மகள்