மேல்வீட்டு ஒழுக்குக்கு ஒரு ‘விதவுட் பிரெஜுடிஸ்’

ஜூன் 12, வியாழன்

காலையிலிருந்து மழை. வெளியே கொஞ்சம், மீதி என் தாராவிப் பட்டறைக்குள். மேல்வீட்டுச் சுடலைமுத்துவின் குளியலறை ஒழுகுகிறது. அவன் ஒரு சொம்பு ஊற்றினால் என் தோல் பைகள்மீது அரபிக்கடல். பூசணம் பிடித்தவை: லேடீஸ் பைகள், ஒரு கட்டு பெல்ட். சரக்கு எடுக்கும் நெருள் கடைக்காரர் போனில்: “பாய், இன்னொரு தடவ நாத்தம் அடிச்சா உம்ம சரக்கே வேண்டாம்.” பாதி வியாபாரம் அவர்தான்.

மாலையில் மேல்வீட்டானுக்கு மூன்றாவது கடிதம். இங்கிலீஷில். உச்சியில் கொட்டை எழுத்தில் ‘விதவுட் பிரெஜுடிஸ்’. மாஹிம் மச்சானுக்கு வந்த வக்கீல் நோட்டீஸில் சுட்டது. அர்த்தம் யாருக்குத் தெரியும்? பார்த்தாலே எதிரி வக்கீலைத் தேடி ஓடுவான். குளியலறைத் தரையை உடைத்துச் சரிசெய்யும் செலவில் பாதி தருவதாகவும் எழுதியிருக்கிறேன். பாதுஷாப் பெருந்தன்மை.

ஜூன் 13, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்து வந்தால் படிக்கட்டில் அவன்.

“என்ன பாய், காகிதமா அனுப்புதீரு? கப்பல் விடவா?”

“தண்ணி நீரு விடுதீரு, கப்பல் நான் விடுதேன். ஞாயித்துக்கெழம கூட்டத்துல பாரும் வே.”

சிரித்தபடி போனான். அந்தப் பற்களில் ஒன்றாவது உதிரட்டும்.

வாங்க வேண்டியவை: வாளி, பசை. கடிதங்கள் ஜெராக்ஸ்.

ஜூன் 15, ஞாயிறு

எங்கள் கட்டடத்து சொசைட்டி கூட்டம். எழுத்தில் புகார் கொடுத்ததைக் காட்டினால்தான் மேல்வீட்டானைத் தரை உடைக்கச் சொல்வார்கள். மூன்று கடிதங்களையும் போர்வாளாக உருவி மேசையில் வைத்தேன். செக்ரெட்டரி மணி சார் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“பாய், இந்த ‘விதவுட் பிரெஜுடிஸ்’ சமரசம் பேசறப்போ போடற வாசகம். நான் இப்போ சொல்றதை நாளைக்கு எனக்கு எதிரா சாட்சியாக் காட்டக்கூடாதுன்னு அர்த்தம். பாதிச் செலவுன்னு பேரம் வேற பேசியிருக்கேள். இதைப் புகாரா எப்படி எடுத்துக்கறது?”

“மூணுமா சார்?”

“மூணுலயும் கொட்டை எழுத்துல போட்டிருக்கேளே.”

சுடலைமுத்து கைதட்டினான். மூன்று மாடியும் சேர்ந்து தட்டியது. தாராவியே தட்டியது. மச்சானைக் கொல்ல வேண்டும்.

கிளம்பும்போது மணி சார்: “நேரா எழுதிக் கொடுங்கோ. உடனே முத்திரை போடறேன்.”

ஜூன் 16, திங்கள்

மழை விடவில்லை. புதுக் கடிதம், தமிழில். ‘உங்கள் குளியலறை ஒழுகுகிறது. என் சரக்கு கெடுகிறது. தரையை உடைத்துச் சரிசெய்யவும்.’ அவ்வளவுதான். நோஞ்சான் கடிதம். வீட்டுக்காரி படித்துவிட்டு, “இப்பத்தான் எனக்கே புரியுது. இத மொதல்லயே எழுத என்னங்க?” கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டு மணி சாரிடம் ஓடினேன்.

முத்திரை விழுந்தது. சுடலைமுத்துவைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினார் மணி சார். ஒரு வாரத்துக்குள் உடைக்க வேண்டுமாம். அவன் முகம் அழுகிய தக்காளி.

“பாதிச் செலவு தாரேன்னு எழுதுனீரே, பாய்?”

“அதச் சாட்சியாக் காட்டக்கூடாது வே. சார்தான சொன்னாக.”

மணி சார் இருமினார். மறுக்கவில்லை.

ஜூன் 18, புதன்

மேலே கடப்பாறை. முதல் அடிக்கே என் தலையில் காரை. ஒவ்வொரு அடிக்கும் என் பேரைச் சொல்லித்தான் அடிக்கிறான், கேட்கிறது. அடிக்கட்டும். பைகளையெல்லாம் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, குடை பிடித்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருக்கிறேன்.