குடைக்காரர் வயரிங் பார்க்க வந்தார்

மார்ச் 4

பாப்பா அம்மாவுக்கு,

நலம். பாப்பாவின் கால்கட்டைப் பிரித்துவிட்டார்கள் என்று அவளே போனில் சொன்னாள். சந்தோஷம். கட்டுப் பிரித்த பிறகும் அங்கே உனக்கு என்ன வேலை என்று கேட்டேன். "அதை அம்மாகிட்டயே கேளுங்கப்பா" என்றாள். போனில் கேட்டால் மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். அதனால் எழுதுகிறேன்.

நேற்று மாடி வீட்டு நர்ஸ் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து காட்டினாள். வாடகை வீட்டுக்கான மின் பாதுகாப்புச் சோதனை, வருகிற பன்னிரண்டாம் தேதி, ஏற்பாடு வீட்டு உரிமையாளர் என்று போட்டு, கீழே உன் கையெழுத்து. எனக்கு ஒரு வார்த்தை இல்லை. மாடிக்குப் போன தபாலை மாடிக்காரி இறக்கிவந்து காட்டித்தான், நான் குடியிருக்கிற வீட்டில் என்ன நடக்கப்போகிறது என்று நான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

வீடு உன் பேரில் இருக்கிறது. உன் ஆபீஸ் கடனில் வாங்கியது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இந்தச் சுவர்களுக்குள் ஓடுகிற ஒவ்வொரு ஒயரும் நான் இழுத்தது. எந்தப் பள்ளிக்கூடத்திலும் போய் உட்காரவில்லை. என் கடைக்கு ரிப்பேருக்கு வந்த ஃபேனையும் மிக்ஸியையும் பிரித்துப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில் ஒரு சுவிட்ச் புகைந்தது உண்டா?

நர்ஸின் புகாரும் தெரியும். வாஷிங் மெஷினைத் தொட்டால் எறும்பு ஊர்வதுபோல இருக்கிறது என்று என்னிடம்தான் முதலில் சொன்னாள். ரப்பர் செருப்புப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். நிற்க ஒரு மரப்பலகையும் அறுத்துக் கொடுத்தேன். மட்டமான மெஷின், அது அப்படித்தான் இருக்கும். அதற்காக என்னைத் தாண்டி உனக்கு எழுதுவாளா?

அதுகூடப் போகட்டும். சோதனை செய்ய வருகிறவர் யார் என்று பார்த்தேன். உன் ஆபீஸில் மீட்டர் பிரிவில் இருந்த அந்தக் குடைக்காரர். ரிடையர் ஆன பிறகு லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வீடு வீடாகச் சோதனைக்குப் போகிறாராம். வேறு ஆளே கிடைக்கவில்லையா உனக்கு? நான் மறக்கவில்லை. ஒரு மழை நாளில் உன்னை நம் வாசல்வரை கொண்டுவந்து விட்டானே, அன்றைக்கு அவன் வலது தோள் முழுக்க நனைந்திருந்தது. உன்மேல் ஒரு சொட்டு இல்லை. குடை எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று கண்டுபிடிக்க லைசென்ஸ் தேவையில்லை.

அவனை நான் உள்ளே விடப்போவதில்லை.

பாப்பா அப்பா


மார்ச் 8

பாப்பா அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. சாப்பாட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அப்படியென்றால் ஓட்டலில்தான் சாப்பிடுகிறீர்கள். இரவிலாவது வீட்டில் கஞ்சி வைத்துக் குடியுங்கள், வயிறு கேட்காது.

முதலில் குடை. அது என்னுடைய குடை. அவர் அன்றைக்குக் குடையே கொண்டுவரவில்லை. பிடித்துக்கொண்டு வந்தவளும் நான்தான். புதுப் புடவை நனையக் கூடாது என்று என் பக்கமே சாய்த்துக்கொண்டேன். அந்த மனிதர் பாவம், நனைந்துகொண்டே வந்தார். நீங்கள் அன்றைக்கே கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். இத்தனை வருஷமாக மனதுக்குள் வைத்துக்கொண்டு என்னோடு குடித்தனம் செய்திருக்கிறீர்கள்.

இரண்டாவது, வேறு ஆள். வேறு இரண்டு பேரைக் கேட்டேன். இரண்டு பேருமே உங்கள் கடைக்கு வந்து உங்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். அந்த வீட்டு வாசலுக்கா, ஆளை விடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். இவர் ஒருவர்தான் வருகிறேன் என்றார்.

மூன்றாவதுதான் முக்கியம். வீட்டை வாடகைக்கு விட்டால் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை தகுதியுள்ளவரை வைத்து வயரிங்கைச் சோதிக்க வேண்டும். ரிப்போர்ட்டின் பிரதியைக் குடியிருப்பவர் கையில் கொடுக்க வேண்டும். குறை இருந்தால் குறித்த நாளுக்குள் சரிசெய்ய வேண்டும். நாம் ஒரு தடவையும் செய்யவில்லை. என் வேலையை எவன் சோதிக்கிறது என்று நீங்கள் கேட்டீர்கள், நானும் வாயை மூடிக்கொண்டேன். ஏதாவது ஆகிவிட்டால் பதில் சொல்ல வேண்டியவள் நான்.

நர்ஸ் எனக்கு எழுதியதில் ஒரு வரியை அப்படியே எழுதுகிறேன். "அக்கா, சின்னவ மெஷின்மேல கைய வச்சுட்டு, கிச்சுகிச்சு மூட்டுதும்மான்னு சிரிக்கிறா. எனக்குச் சிரிப்பு வரல." இதைப் படித்த பிறகு எனக்கும் தூக்கம் இல்லை. செருப்புப் போட்டால்தான் தொடலாம் என்கிற மெஷினோடு ஒரு குழந்தையை என் வீட்டில் குடிவைத்திருக்கிறேன்.

நான் ஏன் வரவில்லை என்று கேட்டீர்கள். அந்த வீடு பத்திரமானது என்று ஒருவர் சோதித்து எழுதிக் கொடுக்கிறவரை நான் வருவதாக இல்லை. கோபத்தில் எழுதவில்லை. யோசித்துத்தான் எழுதுகிறேன்.

உங்கள்
பாப்பா அம்மா


மார்ச் 13

பாப்பா அம்மாவுக்கு,

உன் குடைக்காரர் வந்து போய்விட்டார். நான் ஒன்றும் அழைக்கவில்லை. நர்ஸ் நேராக மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அவள் வீடு, அவள் உரிமை. அரைமணி கழித்து என் கதவைத் தட்டினான். மெயின் போர்டு என் பக்கம் இருக்கிறது. நர்ஸ் அவன் பின்னால் சின்னவளைத் தூக்கிக்கொண்டு நின்றாள். குழந்தை முகத்துக்கு எதிரே கதவைச் சாத்த முடியவில்லை.

சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தான். தலைக்குச் சாயம். ஒயர் பார்க்க வருகிறவனுக்கு எதற்கு இந்த அலங்காரம்? உள்ளே வந்ததும் கேட்ட முதல் கேள்வியே வயரிங்கைப் பற்றி இல்லை.

"மேடம் எப்படி இருக்காங்க?"

"நீங்கதான் போன்ல பேசுறீங்களே, என்னைக் கேக்குறீங்க?" என்றேன். சிரித்தான். அவனுக்குப் பல் இன்னும் கெட்டியாக இருக்கிறது.

போர்டைத் திறந்ததும் சிரிப்பு நின்றது. "யாரு சார் செஞ்சது? ஒயரை எல்லாம் சீப்பு வச்சு வாரிவிட்ட மாதிரி இருக்கு" என்றான். நான்தான் என்றேன். அழகான வேலை என்றான். நீ இந்த வீட்டில் இத்தனை வருஷம் விளக்கைப் போட்டு அணைத்தாய். ஒரு நாளாவது அந்தப் போர்டைத் திறந்து பார்த்து இப்படி ஒரு வார்த்தை சொன்னாயா? அவன் வாயிலிருந்து அதைக் கேட்க வேண்டியிருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு ஒரு மீட்டரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிளக்காகப் பார்த்தான். குளியலறைக்குப் போய், எர்த் ஒயரைத் தண்ணீர்க் குழாயில் நான் கிளாம்ப் போட்டு முடுக்கியிருக்கிற இடத்தில் குந்தி உட்கார்ந்தான். குழாயை மேலேயும் கீழேயும் தடவிப் பார்த்தான். "இந்தப் பைப்பு எப்ப மாத்துனது?" என்று கேட்டான். ஞாபகமில்லை என்றேன். ஞாபகம் இருக்கிறது. அவனிடம் ஏன் சொல்ல வேண்டும்?

அதற்கப்புறம் அவன் பேச்சே மாறிவிட்டது. தண்ணீர் மோட்டாரைப் போடச் சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினான். அணைக்கச் சொல்லிவிட்டு இறங்கி வந்தான். மோட்டாரின் ஃபியூஸைத் தானே பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தான். "இது உங்ககிட்டயே இருக்கட்டும் சார். நான் மேடத்துகிட்ட பேசுற வரைக்கும் போட்டுறாதீங்க."

என்ன குறை என்று கேட்டேன். ரிப்போர்ட் உரிமையாளருக்குத்தான் போகும் என்றான். நான் இழுத்த ஒயரில் என்ன குறை என்பது இப்போது அவனுக்குத் தெரியும், உனக்குத் தெரியப்போகிறது. எனக்கு மட்டும் தெரியாது. சரி, குடை உன்னுடையதாகவே இருக்கட்டும். அப்போதும் குடைக்குள் இருந்தது நீங்கள் இரண்டு பேர்தான்.

தெருக்குழாயில் வாளி வாளியாகத் தண்ணீர் பிடிக்கிறேன். மாடிக்கும் நானே தூக்கிக் கொடுக்கிறேன். அவன் சொன்னதற்காக அல்ல.

பாப்பா அப்பா


மார்ச் 18

பாப்பா அப்பாவுக்கு,

வாளியை அரைவாளியாகப் பிடியுங்கள். முதுகுவலி வந்தால் தைலம் தேய்க்கக்கூட ஆள் இல்லை.

உங்களிடம் சொல்லாமல் போனதற்கு அவரைத் திட்டாதீர்கள். "நான் சொன்னா அவரு கேட்டுக்க மாட்டாரு மேடம், நீங்க சொல்லுங்க. வேலை சுத்தமான வேலை. ஒரே ஒரு இடத்துல கோட்டை விட்டுட்டாரு" என்றார். அந்த இடத்தைச் சொல்கிறேன். உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

வீட்டுக்கு வயரிங் செய்தபோது எர்த் ஒயரைத் தண்ணீர்க் குழாயில் கட்டினீர்கள். அப்போது அது இரும்புக் குழாய், மண்ணுக்குள் போனது, அதனால் வேலை செய்தது. பிறகு பைப்பை மாற்றினீர்கள். உங்கள் கிளாம்ப் இருந்த ஒரு முழ இரும்பை மட்டும் கை வைக்காமல் அப்படியே விட்டுவிட்டு, அதற்கு மேலேயும் கீழேயும் பிளாஸ்டிக் போட்டுவிட்டீர்கள். அன்றிலிருந்து அந்த எர்த் ஒயர் எங்கும் போய்ச் சேரவில்லை. நர்ஸின் மெஷினில் ஒரு குறையும் கிடையாதாம். கீழே உங்கள் மோட்டாரில் கசிகிற கரண்ட் மண்ணுக்குப் போக வழியில்லாமல், அதே எர்த் ஒயரில் ஏறி, மாடியில் அந்த மெஷினின் உடம்புக்கு வந்து நிற்கிறது. இன்றைக்குக் கிச்சுகிச்சு. மோட்டார் இன்னும் கொஞ்சம் கெட்டால் அது கிச்சுகிச்சாக இருக்காது என்றார். கசிந்தால் தானே அணைந்துவிடும் டிரிப் சுவிட்சும் நம் போர்டில் இல்லை. உங்களுக்குப் பழைய ஃபியூஸ்தான் வேண்டும்.

பைப்பை ஏன் மாற்றினீர்கள் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கிறது. எனக்கும் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்கு வந்த பிளம்பரைப் பார்த்து, கைவேலை சுத்தமான ஆள் என்று நான் ஒரு வார்த்தை சொன்னேன். துருத் தண்ணீர் வருகிறது, நமக்கும் அவனையே கூப்பிடலாமே என்றேன். மறுநாள் நீங்கள் கடையைச் சாத்திவிட்டு, பைப்பை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றீர்கள். நான் பசை டப்பாவைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அந்தப் பிளம்பர் வந்திருந்தால், குழாயில் எதற்கு ஒயர் என்று கட்டாயம் கேட்டிருப்பான். நீங்கள் யாரையும் உள்ளே விடவில்லை.

ரிப்போர்ட்டைப் படித்ததும் முதலில் நர்ஸின் குழந்தையை நினைத்தேன். அப்புறம், ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று மோட்டாரைத் தட்டிப் பார்க்கிற உங்களை நினைத்தேன். அந்த வரிசையில்தான் வந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

நர்ஸுக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. உங்களுக்கு என்ன செய்யலாம் என்று எதிலும் இல்லை. கெஞ்சலாம், அவ்வளவுதான். கெஞ்சி அலுத்துவிட்டது. அதனால் ஒரு வாடகை ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறேன். கீழ்வீட்டை உங்களுக்கு நான் வாடகைக்கு விடுகிறேன். கையெழுத்துப் போட்டீர்களென்றால் நீங்களும் என் குடித்தனக்காரர். உங்களையும் நர்ஸையும் பத்திரமாக வைத்திருப்பது என் கடமை. எலக்ட்ரீஷியனை அனுப்புவேன், நீங்கள் விட்டாக வேண்டும்.

போட மாட்டேன் என்றால், நர்ஸுக்கு வேறு வீடு பார்த்துக் கொடுத்துவிட்டு இதை விற்றுவிடுவேன். விற்ற பிறகு நான் பாப்பாவோடு இருந்துகொள்வேன். நீங்கள் எங்கே இருப்பது என்பதை நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும்.

வீட்டு உரிமையாளர்,
பாப்பா அம்மா


ஏப்ரல் 6

வீட்டு உரிமையாளருக்கு,

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நான் போட்டுவிட்டேன் என்று நர்ஸ் அன்றைக்கே உனக்குப் போனில் சொல்லிவிட்டது தெரியும். இந்த வீட்டில் எனக்கு ரகசியம் என்று எதுவும் மிச்சமில்லை.

நீ அனுப்பிய எலக்ட்ரீஷியன் வந்தாள். பெண்பிள்ளையாகப் பார்த்து அனுப்பியிருக்கிறாய், உன் கெட்டிக்காரத்தனம் புரிகிறது. பின்பக்கச் சுவரோரம் பள்ளம் தோண்டி, ஆள் உயரத்துக்கு ஒரு கம்பியை அடித்து இறக்கி, எர்த்தை அதில் கட்டினாள். டிரிப் சுவிட்ச் வைத்தாள். மோட்டாரையும் கழற்றி வேறு போட்டாள். ஒவ்வொரு முடிச்சையும் நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். கிடைக்கவில்லை. "ஐயா, நீங்க நகர்ந்தாதான் எனக்கு வெளிச்சம் வரும்" என்று இரண்டு தடவை சொன்னாள். நகர்ந்தேன்.

நர்ஸின் சின்னவள் மெஷின்மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இப்ப ஒன்னுமே பண்ணல தாத்தா" என்று அழுதாள். அவளுக்கு அது பொம்மை மாதிரி ஆகியிருந்தது. பதிலுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அதை வாடகையில் கழிக்க மாட்டேன்.

மறுசோதனைக்குக் குடைக்காரர் வந்தார். எல்லாம் சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஒரு பிரதி நர்ஸிடம் இருக்கிறது, ஒன்று என்னிடம். டீ கொடுத்தேன். உன் சமையலறையில் சர்க்கரை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, இல்லாமலே குடித்தார். மேடம் எப்போது வருகிறார்கள் என்று கேட்டார். அது உரிமையாளருக்கும் குடித்தனக்காரனுக்கும் உள்ள விஷயம் என்று சொல்லிவிட்டேன்.

பைப்பைப் பற்றி இந்தக் கடிதத்தில் எதுவும் எழுதப்போவதில்லை.

குடித்தனக்காரன் என்கிற முறையில் எனக்கும் புகார்கள் உண்டு. எலக்ட்ரீஷியன் தோண்டின இடத்தில் மண் இன்னும் சரியாக மூடவில்லை. வாடகை என்று போட்டிருக்கிற இடத்தில் நீ ஒன்றும் எழுதாமல் அனுப்பியிருக்கிறாய், அதை நான் நிரப்ப முடியாது. வேலை முடிந்த பிறகு உரிமையாளர் இன்னும் நேரில் வந்து பார்க்கவில்லை.

நாலாவது பிரிவில், உரிமையாளரோ அவர் அனுப்பும் ஆளோ வீட்டுக்குள் வருவதற்கு முன்னால் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. அவர் அனுப்பும் ஆள் என்பதை அப்படியே விட்டிருக்கிறேன். யாராக இருந்தாலும், எத்தனை தடவை வந்தவராக இருந்தாலும், எழுதிக் கேட்டுவிட்டுத்தான் வர வேண்டும். உரிமையாளரோ என்பதை மட்டும் அடித்துவிட்டு, ஓரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

கீழ்வீட்டுக் குடித்தனக்காரன்