எட்டாயிரம் சுற்று

நாள் 1 | 07:30
முகாமிலிருந்து கிளம்பிவிட்டேன். நான் இசக்கியம்மாள், வளி ஆலைப் பராமரிப்பு. இந்தக் கோளில் நாம் மூச்சுவிடும் காற்று மலைமுகட்டுக்கு அப்பால் அந்த ஆலையில்தான் தயாராகிறது. ஆளில்லாமல் தானே ஓடும். ஆண்டுக்கொரு முறை வடிகட்டி மாற்ற வேண்டும். பனிவண்டியின் பின்னால் சறுக்குவண்டி. அதில் புது வடிகட்டி, கூடாரம், சாப்பாடு. வண்டி நன்றாக ஓடுகிறது.

நாள் 1 | 15:10
நன்றாக ஓடுகிறது என்று எழுதிய கையை உடைக்க வேண்டும். இன்ஜின் நிமிடத்துக்கு எட்டாயிரம் சுற்றில் நின்றால்தான் முழு பலம் தரும். ஏழாயிரத்து ஐந்நூறைத் தாண்டவில்லை. எல்லாம் மெக்கானிக் சவரிமுத்துவின் திருவிளையாடல். கிளச்சுக்குள் இருக்கும் எடைகள் இன்ஜின் சுழலச் சுழல விரிந்து பெல்ட்டை இறுக்கும். எடை கூடினால் இன்ஜின் திணறும். தடியன் கனமானதை மாட்டி அனுப்பியிருக்கிறான்.

வானொலியில் பிடித்தேன். "யக்கா, நான் ஓட்டிப் பாத்துத்தான் விட்டேன். எட்டாயிரத்துல அசையாம நின்னுச்சு. சும்மா கொறை சொல்லாதிய."

வாய் மட்டும் காது வரைக்கும். உதிரிப் பெட்டியிலிருந்து குறைந்த எடைகளை எடுத்து மாட்டினேன். எட்டாயிரம் வந்தது.

நாள் 2 | 11:40
மறுபடி ஏழாயிரத்து அறுநூறு. தரை தட்டை, மேடே இல்லை. பிளக், பெல்ட், எரிபொருள் எல்லாம் பார்த்தாயிற்று. இருப்பதிலேயே இலேசான எடைகளை மாட்டும்போது ஸ்பேனர் கைநழுவிக்கொண்டே இருந்தது. கடைசியில் அதை எடுத்து வண்டியையே அடித்தேன். பானட்டில் ஒரு ஓட்டை.

முகாமை அழைத்தால் சவரியின் பின்னணியில் ஒரே கூச்சல். "நீங்க வேற உசுர வாங்காதிய! இங்க ஆளாளுக்கு அடிச்சுக்கிட்டுக் கெடக்காவ. சோத்துல உப்பு இல்லன்னு ஒருத்தன் சமையக்காரர் மண்டைய உடைச்சுட்டான்."

நாள் 3 | 09:20
ஏழாயிரம். எடைகளை அரத்தால் ராவினேன். எட்டாயிரத்தைத் தொட்டது, ஆனால் போவது நடைவேகம். வண்டியை நிறுத்திவிட்டு யோசித்தேன். மேடு இல்லை. சுமை கூடவில்லை. கிளச் சரி. இன்ஜினின் பலமே நாளுக்கு நாள் போகிறது. அதுவும் என்னைப்போல இந்தக் காற்றைத்தான் குடிக்கிறது.

சவரியிடம் ஆக்சிஜன் மீட்டரைப் பார்க்கச் சொன்னேன். "இருவது புள்ளி ஒம்பது சதவீதம். பூமில உள்ள அளவு, சரியாத்தான் இருக்கு." மீட்டரை எப்படிச் சரிபார்க்கிறீர்கள் என்றேன். "தெனமும் காலைல வெளிக்காத்துல வெச்சு, இருவது புள்ளி ஒம்பதுன்னு செட் பண்ணுதோம்லா. பூமில செய்யுத மாதிரியேதான்."

பூமியில் செய்கிற மாதிரியே! பூமியில் வெளிக்காற்று மாறாது. இங்கே வெளிக்காற்று என்பதே ஆலை கொடுப்பதுதான். அது குறையக் குறைய, இதுதான் முழு அளவு என்று மீட்டருக்குத் தினமும் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். வடிகட்டி அடைத்துக்கிடக்கிறது. ஆக்சிஜன் குறைந்தால் முதலில் எரிச்சல், அப்புறம் தூக்கம்; முகாமில் மண்டை உடைந்ததும் இதனால்தான். படித்த முட்டாள்கள் இருநூறு பேர், ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

நாள் 3 | 13:00
ஏற்றம். கூடாரம், அடுப்பு, சாப்பாடு, சறுக்குவண்டி எல்லாவற்றையும் கழற்றி எறிந்தேன். வடிகட்டி மட்டும் முதுகில். இது போய்ச் சேராவிட்டால் முகாமில் ஒருத்தரும் மிஞ்சமாட்டார்கள்.

அவசர ஆக்சிஜன் உருளைகளைத் திறடா என்றேன் சவரியிடம். "மீட்டர் சரியா காட்டுதுல்லா? எல்லாரும் அசந்து தூங்குதாவ. நானும் சித்த படுக்கேன்க்கா." படுக்காதே, படுத்தால் செத்தாய் என்று தொண்டை கிழியக் கத்தினேன். வானொலியை அணைத்துவிட்டான், பாவி.

நாள் 3 | 17
பெல்ட் கருகிவிட்டது. நடக்கிறேன். முகடு ஏறியாயிற்று. கீழே ஆலை விளக்கு தெரிகிறது, பக்கம்தான். சவரி பதில் தரவில்லை. இந்தக் குறிப்பை யார் எடுத்தாலும், என் முதுகிலிருக்கும் பச்சைப் பெட்டிதான் வடிகட்டி. அதை ஆலையில் மாட்டுங்கள். கிளச் சரி. சவரிமேல் குற்றமில்லை.

யார்மேலும் கோபம் வரவில்லை. காலையிலிருந்த கொதிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. குளிரக்கூட இல்லை. சுகமாக இருக்கிறது. கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு