மழித்த முகத்துக்கு நிக்காஹ் இல்லை

விவேக் நகர், பெங்களூர்
9.8.1998

என் அன்பு அத்தாவுக்கு ஜைத்தூனின் ஸலாம்.

அல்லாஹ்வின் கிருபையால் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனதுக்குத்தான் சுகமில்லை, அதற்குக் காரணம் நீங்கள். உங்கள் இரும்புக்கடைக்குப் போன் போட்டால் ஆணி வாங்க வந்தவர்களெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். அதனால் எழுதுகிறேன்.

நேற்று முன்தினம் அக்கா, நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி மருந்துக்கடைக்குப் போன் செய்தாள். மருந்து வாங்க வந்தவர்கள் வரிசையில் நின்று முணுமுணுக்க, இவள் என்னிடம், “ஏண்டி, உன் நிக்காஹ் நடக்குமா நடக்காதா? ஜமாஅத்துல தீர்மானம் போட்டுட்டாங்க. தாடிய மழிக்கிற மாப்பிள்ளைக்கு நம்ம பள்ளிவாசல்ல நிக்காஹ் கிடையாதாம்” என்றாள். யார் போட்டது என்று கேட்டேன். “வேற யாரு, நம்ம அத்தாதானே செயலாளரு. அவங்க எழுதி, அவங்களே வாசிச்சாங்களாம்” என்றாள்.

அத்தா, ஜூன் மாதம் நீங்களே வந்து ஜக்கரியாவைப் பார்த்தீர்கள். அல்சூர் ஏரிக்கரையில் அவரோடு நடந்தீர்கள். அவருடன் பள்ளிவாசலில் அஸர் தொழுதீர்கள். பையன் தங்கம் என்று அம்மாவிடம் சொன்னீர்கள். அன்றைக்கும் அவர் முகத்தில் ஒரு முடி கிடையாது. அக்டோபர் இருபத்தைந்து என்று நாள் குறித்ததும் நீங்கள்தான். இப்போது தீர்மானம் எழுதியதும் நீங்கள்தான். எழுதும்போது என் ஞாபகம் வரவேயில்லையா?

பதில் உடனே வேண்டும். அம்மாவின் முழங்கால் வலிக்கு மருந்து அனுப்பியிருக்கிறேன், சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்கவும்.

உங்கள் மகள்
ஜைத்தூன்


ராவுத்தர்பாளையம்
17.8.1998

அன்பு மகள் ஜைத்தூனுக்கு அத்தாவின் துஆவும் ஸலாமும்.

கடிதம் கிடைத்தது. மருந்தும் கிடைத்தது. அம்மா இப்போது மாடிப்படி ஏறுகிறாள்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? உன் ஞாபகம் வரவில்லை. ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு நம் பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத் தாடியைப் பற்றிப் பேசினார். கேட்கக் கேட்க எல்லோருக்கும் உள்ளம் பொங்கியது, எனக்கும் பொங்கியது. எழுதி, வாசித்து, கையெழுத்துப் போட்டு, பெரிய காரியம் செய்துவிட்டவனைப் போல வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். சோற்றைப் போட்டுவிட்டு உன் அம்மா கேட்டாள், “அப்ப ஜக்கரியாவுக்கு?” அதன் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் ஒன்று கண்ணு, தீர்மானத்தில் தப்பில்லை. நாம் பின்பற்றும் சட்டவழியான ஹனஃபி மதுஹபில் ஒரு பிடி தாடி வைப்பது வாஜிப், கட்டாயக் கடமை; மழிப்பது ஹராம். இது ஹஜ்ரத் தன் வீட்டில் சமைத்த சட்டமில்லை. பெரிய பெரிய இமாம்கள் எழுதியது. செய்தவனுக்கு நன்மை, செய்யாதவனுக்குப் பாதகமில்லை என்று விடுகிற காரியமும் இல்லை.

வழி இல்லாமலா போகும்? இன்றிலிருந்து வளர்த்தால் நிக்காஹ் நாளுக்குள் முகம் நிறைந்துவிடும். ஒரு பிடி வராவிட்டாலும் பரவாயில்லை, வைக்கும் எண்ணம், அந்த நிய்யத் தெரிந்தால் போதும் என்று ஹஜ்ரத்திடம் பேசிவிட்டேன். உன் அக்காவின் மாப்பிள்ளை, உன் மச்சானும் அப்படித்தானே வளர்த்தார்? பிறகு அவரவர் பாடு, அல்லாஹ் பாடு. அதுவும் முடியாது என்றால், அவன் பார்க்கும் ஹோட்டல் வேலையில் தாடி கூடாது என்று முதலாளியிடம் ஒரு கடிதம் வாங்கி அனுப்பச் சொல். நிர்ப்பந்தம் என்றால் மார்க்கத்தில் சலுகை உண்டு.

இதற்கு மேல் ஒரு தகப்பன் என்ன செய்ய முடியும்?

அத்தா
மு. காசிம்


விவேக் நகர்
26.8.1998

அன்பு அத்தாவுக்கு ஸலாம்.

நீங்கள் சொன்ன இரண்டு வழியையும் ஜக்கரியாவிடம் சொன்னேன். ஹோட்டல் கடிதத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டார். அவருடைய ஹோட்டலில் பெட்டி தூக்கும் முனிகிருஷ்ணன் திருப்பதிக்கு வேண்டிக்கொண்டு நெஞ்சு வரைக்கும் தாடி விட்டிருக்கிறார். மேனேஜர் அவரைப் பார்த்தால் நமஸ்காரம் சொல்கிறாராம். “முனிகிருஷ்ணனுக்கு இல்லாத சட்டம் எனக்கு மட்டும் இருக்குன்னு எப்படிப் பொய்க் கடுதாசி வாங்கறது?” என்று கேட்கிறார்.

வளர்க்கும் விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “ஜைத்தூன், மழிக்கிறது தப்புன்னு எனக்குத் தெரியும். தப்பு இல்லைன்னு நான் எங்கயும் வாதாடினது இல்ல. அதுக்கு அல்லாஹ்கிட்ட நான் பதில் சொல்லிக்கறேன். ஆனா நிக்காஹ்வுக்காக வளர்த்து, முடிஞ்சதும் மழிச்சா, அது உங்க அத்தாவ ஏமாத்தறது. அந்த ரெண்டாவது தப்ப என்னால செய்ய முடியாது.”

இந்த மனிதரைத்தான் உங்கள் ஜமாஅத் வாசலில் நிறுத்துகிறது.

மச்சானைச் சொன்னீர்கள். சொல்லியிருக்கக் கூடாது. நிக்காஹ் அன்று மச்சானின் தாடியைப் பார்த்து ஊரே மாஷா அல்லாஹ் சொன்னது. வலீமா விருந்துச் சோறு செரிப்பதற்குள் சலூனில் போய் உட்கார்ந்தார். நம் ஊரில் வலீமாவுக்கு மறுநாள் சலூனில் கூட்டம் என்பது உங்களுக்குத் தெரியாதா? அந்தத் தாடிக்காரருக்குக் கைக்கூலி என்று வரதட்சணை கொடுக்க அம்மாவின் காசுமாலை போனது. அதை வாங்கியவருக்கு நிக்காஹ் கிடையாது என்று யாராவது தீர்மானம் போட்டீர்களா? பெண்ணுக்கு மஹர் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தில் பெண்ணிடம் வாங்குகிறவன் நல்ல மாப்பிள்ளை. ஒரு காசு வேண்டாம் என்றவன் முகத்தில் மயிர் இல்லாததால் கெட்ட மாப்பிள்ளை. உங்கள் ஹஜ்ரத்துக்கு அந்த விஷயத்தில் மட்டும் உள்ளம் பொங்கவே இல்லையே, அத்தா.

ஜக்கரியா வளர்க்கமாட்டார். வளர்க்கச் சொல்லி நானும் கேட்கமாட்டேன்.

ஜைத்தூன்


ராவுத்தர்பாளையம்
7.9.1998

ஜைத்தூனுக்கு,

உன்னைப் படிக்க வைத்தேன், வேலைக்கு அனுப்பினேன், ஊர் பேசியதை ஒரு காதில் வாங்கி இன்னொரு காதில் விட்டேன். அதற்கெல்லாம் சேர்த்துக் கூலி கொடுத்துவிட்டாய். ஹஜ்ரத்தைப் பேசுகிறாய், பெற்றவனுக்கு மார்க்கம் சொல்லித் தருகிறாய்.

தவறு என்று தெரிந்தே செய்வேன் என்கிறவனுக்குத் திமிர் என்று பெயர். நேர்மை என்று நீ பெயர் வைத்தால் அது நேர்மை ஆகிவிடாது.

அக்டோபர் நிக்காஹ் நிற்கிறது. பெண்ணின் வலீ நான். பொறுப்பாளனான நான் சம்மதித்து உட்காராத இடத்தில் உனக்கு யார் நிக்காஹ் செய்து வைக்கிறார்கள் என்று பார்க்கிறேன்.

மு. காசிம்

பி.கு.: இதைத் தபாலில் போடக் கூடாது என்று உன் அம்மா சண்டை. “தாடிய நீங்களே வச்சுக்குங்க, எனக்கு மருமகனக் குடுங்க” என்கிறாள். வீட்டிலும் எனக்கு மரியாதை இல்லை.


விவேக் நகர்
16.9.1998

மரியாதைக்குரிய அத்தாவுக்கு ஸலாம்.

உங்கள் கடிதத்தை வாசித்து முதலில் அழுதேன். பிறகு கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன், மறைக்கவில்லை.

ஒரு பிடி தாடி வாஜிப் என்பது எந்த மதுஹபு? நம் ஹனஃபி மதுஹபு. சரி. அதே மதுஹபில், புத்தி தெளிந்த, வயது வந்த பெண் வலீ இல்லாமலே தன் நிக்காஹ்வைத் தானே செய்துகொண்டாலும் செல்லும் என்று இமாம் அபூ ஹனீஃபா சொல்லவில்லையா? நான் பன்னிரண்டு வயதில் உங்கள் மடியை விட்டு நகராமல் நீங்கள் கிதாபு வாசிக்கக் கேட்டவள். அந்தப் பக்கத்தை நீங்கள் தாண்டிப் போகவில்லை. “பாத்தியா, நம்ம இமாம் பொம்பளைக்கு எவ்வளவு கொடுத்திருக்காரு” என்று எனக்கு விளக்கியவர் நீங்கள். ஆணின் முகத்துக்கு அந்த இமாம் வேண்டும், பெண்ணின் வாய்க்கு அந்த இமாம் வேண்டாம் என்றால் அது மார்க்கமில்லை, வசதி.

நீங்கள் உடனே அடுத்த பக்கத்தைப் புரட்டுவீர்கள் என்று தெரியும். பொருத்தமில்லாதவனை மகள் தேர்ந்தெடுத்தால் வலீ மறுக்கலாம், வெளிப்படையாகப் பாவம் செய்கிற பாசிக் ஒரு நல்ல மனிதரின் மகளுக்குப் பொருத்தமில்லை என்பீர்கள். அதையும் ஒப்புக்கொள்கிறேன். அந்த உரிமை உங்களுக்கு இருக்கிறது.

அப்படியானால் எழுதிக் கொடுங்கள். “அல்லாஹ்வைச் சாட்சியாக வைத்துச் சொல்கிறேன், ஜக்கரியா பாசிக், என் மகளுக்குத் தகுதியில்லாதவன்.” இவ்வளவுதான். உங்கள் கையால் எழுதி, கீழே பெயர் போட்டு அனுப்புங்கள். அது வந்த அன்றே நான் இந்த நிக்காஹ்வை விட்டுவிடுகிறேன். ஜக்கரியாவிடமும் சொல்லிவிட்டேன். அவர் தலையை ஆட்டினார்.

எழுத முடியாவிட்டால், அக்டோபர் இருபத்தைந்து ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு, சிவாஜி நகர்ப் பக்கம் அவர் தொழுகிற சின்னப் பள்ளிவாசலில் எனக்கு நிக்காஹ். நீங்கள் வந்தாலும் நடக்கும், வராவிட்டாலும் நடக்கும்.

உங்கள் மகள்
ஜைத்தூன்


விவேக் நகர்
3.10.1998

அத்தா,

பதில் வரவில்லை. வீட்டுக்காரர் கிளாரன்ஸ் அங்கிள் தபால்காரரைக் கண்டால் எனக்கு முன்னால் கேட்டுக்கு ஓடுகிறார். கையை விரித்துக்கொண்டு திரும்பி வருகிறார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருக்கிறது.

போன கடிதத்தில் எழுதிய எதையும் நான் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. ஆனால் வராவிட்டாலும் நடக்கும் என்று எழுதினேனே, அது சட்டத்துக்குச் சரி. எனக்குச் சரியில்லை. வலீ இல்லாமல் என் நிக்காஹ் செல்லும், அத்தா. ஆனால் நான் அன்றைக்கு எப்படிச் சோறு சாப்பிடுவேன்?

ஏதாவது எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

ஜைத்தூன்


ராவுத்தர்பாளையம்
12.10.1998

என் மகள் ஜைத்தூனுக்கு அத்தா எழுதுவது.

நீ கேட்ட வாக்கியத்தை எழுத உட்கார்ந்தேன். பொய் சொல்லவில்லை, மூன்று தரம் உட்கார்ந்தேன். அல்லாஹ்வைச் சாட்சியாக வைத்து என்பது வரை எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. தகுதியில்லாதவன் என்று அந்தப் பையனை எழுதினால், உன் மச்சானைத் தகுதியானவன் என்று சொல்லி அன்றைக்கு உன் அக்காவின் கையைப் பிடித்துக் கொடுத்தேனே, அந்தக் கை அல்லவா இதையும் எழுத வேண்டும்? தாடியை மழிப்பது பாவம். பொய்ச் சாட்சி அதைவிடப் பெரிய பாவம். இதை ஹஜ்ரத்திடமே கேட்டேன். அவர் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே பேச்சை மாற்றினார்.

வெள்ளிக்கிழமை ஜமாஅத் கூடியது. நான் எழுந்து, என் மகளின் நிக்காஹ்வுக்குப் பெங்களூர் போகிறேன், வலீயாக உட்காரப் போகிறேன் என்று சொன்னேன். ஜமாஅத் தலைவரான முத்தவல்லி, “காசிம் பாய், நீங்க போட்ட தீர்மானத்த நீங்களே மீறலாமா?” என்றார். நான் எழுதிய தீர்மானம் இந்தப் பள்ளிவாசலின் வாசல் வரைக்கும்தான் என்றேன். கைக்கூலிக்கும் ஒரு தீர்மானம் போடுங்கள், அதையும் நானே என் கையால் எழுதித் தருகிறேன், முதல் பெயராக என் மூத்த மருமகன் பெயரைப் போடுகிறேன் என்றும் சொன்னேன். யாருக்கும் உள்ளம் பொங்கவில்லை. உன் மச்சான் எழுந்து வெளியே போய்விட்டார். அக்காவை நிக்காஹ்வுக்கு அனுப்பமாட்டார் என்று நினைக்கிறேன், அதற்கு நீ மனதைத் தயார் செய்துகொள்.

கடைசியாக ஒருவர் சொன்னார், “போய்ட்டு வாங்க பாய். ஆனா நாளைக்கு நீங்க கண்ண மூடினா உங்க மையித்துக்கு இந்த ஊர்ல சந்தூக்குப் பெட்டி தூக்க ஆள் வராது, மையவாடியில எடம் கெடைக்காது, பாத்துக்குங்க.” என் அத்தாவும் அம்மாவும் அந்த மையவாடியில்தான் அடங்கியிருக்கிறார்கள். பிறகு சொன்னேன், “பெங்களூர் மண்ணும் அல்லாஹ்வோட மண்ணுதான். அங்க தூக்கறதுக்கு எனக்கு ஒரு மருமகன் இருக்கான்.”

இதனால் ஜக்கரியா செய்வது சரி என்று நான் ஒப்புக்கொண்டதாக நினைத்துவிடாதே. மழிப்பது தப்பு. நிக்காஹ் சபையில் உட்கார்ந்துகொண்டே அவனிடம் சொல்வேன். ஒவ்வொரு பெருநாளைக்கும் சொல்வேன். என் வாய் மூடும் வரை சொல்வேன். அவன் தலை குனிந்து கேட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் என் கட்டளை. வைப்பதும் வைக்காததும் அவனுக்கும் படைத்தவனுக்கும் நடுவில் உள்ள கணக்கு.

உன் அம்மா இப்போதே பெட்டியைக் கட்டிவிட்டாள். இருபத்துமூன்றாம் தேதி இரவு பஸ்ஸில் ஏறுகிறோம். கிளாரன்ஸ் வீட்டில் எங்களுக்கு இடம் இருக்குமா என்று கேட்டு வை. இல்லையென்றாலும் பள்ளிவாசலில் படுத்துக்கொள்வேன்.

உன் நிக்காஹ்வை நீயே செய்துகொள்ளலாம் என்று இமாம் அபூ ஹனீஃபா சொன்னது உண்மை. நானேதான் உனக்கு அதை வாசித்துக் காட்டினேன், இன்றைக்கும் அதை மறுக்கவில்லை. உனக்கு நான் தேவையில்லை, தெரியும். இருந்தாலும் பஸ் தாமதமாக வந்தால் கொஞ்சம் பொறு, என் இடத்தில் வேறு யாரையும் உட்கார வைத்துவிடாதே.

உன் அத்தா
காசிம்