பதினோராம் இருக்கையில் பதிவான மூன்று அழுத்தங்கள்

அனுப்புநர்:
பன்னிரண்டாம் இருக்கைச் சோதனைப் பணியாளர் (வயது 17),
வீடியோ கேம் பெட்டித் தொழிற்சாலை.
தங்குமிடம்: பெண்கள் விடுதி, மூன்றாம் மாடி.

பெறுநர்:
தொழிற்சாலை ஆய்வாளர் அவர்கள்,
தொழிலாளர் நல அலுவலகம்.

பொருள்: என் அக்கா வேலை நேரத்தில் தன் இருக்கையிலேயே நினைவிழந்தது – தொழிற்சாலை தந்த பதிவு தவறு எனத் தெரிவித்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. அக்காவின் திரையில் "இன்னும் இருக்கிறீர்களா?" என்ற கேள்வி நின்றுகொண்டிருந்ததைத்தான் நான் முதலில் கவனித்தேன். பிற்பகல் மணி மூன்று பத்து. அவள் பதினோராம் இருக்கை, நான் பன்னிரண்டு.

2. அடுத்த மாதம் கடைக்கு வரப்போகும் புதிய கேம் பெட்டியை நாங்கள் சோதிக்கிறோம். மாதச் சந்தா கட்டுபவர்களுக்கு அதில் விளையாட்டுகள் இணையம் வழியாக இறங்கும். ஒவ்வொரு பெட்டியிலும் ஒன்றை இறக்கி, திறக்கிறதா என்று பார்த்து, அழித்துவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். பத்து நிமிடம் பொத்தானைத் தொடாவிட்டால் பெட்டி அந்தக் கேள்வியைக் கேட்கும். ஒரு நிமிடத்துக்குள் பதில் இல்லையென்றால் இறங்கியதெல்லாம் போய்விடும், இருக்கைக்கு ஒரு சிவப்புக் குறி விழும். மூன்று குறி விழுந்தால் வேலை இல்லை. அக்காவுக்கு ஏற்கெனவே இரண்டு.

3. பெட்டி வெளியே தெரியக் கூடாதென்று ஜன்னல்களில் கறுப்புத் தாள் ஒட்டியிருக்கிறார்கள். கைப்பேசிகளை வாசலில் வாங்கிக்கொண்டு, கதவை வெளியே பூட்டிவிடுவார்கள். உள்ளே நாற்பது பெட்டிகளின் சூடு. அன்று காலையிலிருந்தே தலை பிளக்கிறது என்று அக்கா சொன்னாள். வெளியே போக மேற்பார்வையாளரிடம் கேட்டாள். திரையில் இறக்கம் நூறு காட்டாமல் யாரையும் எழ விடமாட்டார், அதனால் நாங்கள் அவரை 'நூறு சதவீதம்' என்போம். "நூறு வரட்டும், அப்புறம் உன் தலைவலியப் பாப்போம்" என்றார். அக்கா என் பக்கம் திரும்பி, "இத்தனை விளையாட்ட இறக்கினோம், ஒண்ணுலயாவது முதல் கதவைத் தாண்டியிருக்கோமாடி?" என்று சிரித்தாள். அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

4. ஒருத்தி கண்ணயர்ந்தால் பக்கத்தில் இருப்பவள் அவளுக்காக அழுத்துவது எங்கள் வரிசையில் வழக்கம். அக்கா முந்தின நாள் இரண்டு ஷிப்ட் பார்த்திருந்தாள். மேசையில் தலை சாய்த்திருந்தாள். பாவம், தூங்கட்டும் என்று கையை நீட்டி அவள் பொத்தானை அழுத்தினேன். மூன்று இருபதுக்கு மறுபடியும். மூன்று முப்பதுக்கு மறுபடியும். நாலாவது முறை கையை நீட்டியபோது அவள் கை மேசையிலிருந்து நழுவித் தொங்கியது. கத்தினேன். நான் கத்தி அதுவரை யாரும் கேட்டதில்லை. சாவி வந்து கதவு திறக்கப் பன்னிரண்டு நிமிடம் ஆனது.

மறுநாள் அக்கா இறந்துவிட்டாள். மூளையில் ரத்தம் கசிந்ததாகவும், அரை மணி நேரம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்றும் மருத்துவர் சொன்னார். அந்த அரை மணி நேரத்தைப் போக்கியது நான்.

5. பதினோராம் இருக்கையில் மூன்று முப்பது வரை பொத்தான் அழுத்தப்பட்டிருக்கிறது, ஆகவே அவள் நன்றாகத்தான் இருந்தாள், பிறகு தானே எழுந்து போய் வாசலுக்கு வெளியே விழுந்தாள் என்று தொழிற்சாலை தங்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறது. அந்த மூன்று அழுத்தங்களும் என்னுடையவை.

6. திங்கட்கிழமை விசாரணை என்று அறிகிறேன். நேரில் வந்தால் எனக்கு வாய் எழாது. எட்டாவதோடு நின்றவள் என்றாலும் எழுதத் தெரியும், ஆகவே எழுதுகிறேன். என் அக்கா இருக்கையிலேயே நினைவிழந்தாள் என்று தாங்கள் பதிவு செய்ய வேண்டும். அந்தக் கதவைப் பூட்டக் கூடாதென்று உத்தரவிட வேண்டும். பதினோராம் இருக்கையில் இப்போது வேறொரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். என்மேல் குற்றம் உண்டென்றால் அதையும் எழுதுங்கள். நான் அழுத்தியது அம்மாவுக்கு இன்னும் தெரியாது. தங்கள் உத்தரவில் அவர் படிக்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன்.

7. நேற்று மேற்பார்வையாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு ஒரு தாளையும் பேனாவையும் நீட்டினார். அக்கா நடந்து வெளியே போனதை நான் பார்த்ததாக அதில் அச்சடித்திருந்தது. "கையெழுத்தப் போட்டுட்டுப் போம்மா, உன் வேலையாவது மிஞ்சும்" என்றார். பேனாவை மூடி அந்தத் தாளின்மேல் வைத்தேன். வெளியே வந்து, தெருமுனைக் கடையில் முழுத்தாள் நாலு வாங்கினேன்.

இடம்: பெண்கள் விடுதி
நாள்: 14, வியாழன்

இப்படிக்கு,
(ஒப்பம்)
இறந்தவளின் தங்கை