அப்பாவுக்குப் பொரித்த ஏழு ரொட்டி

அன்புள்ள அம்மாவுக்கு பெர்மெத் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? நான் நலம். இங்கிலாந்தில் மழைதான், ஸ்ட்ராபெரி பறித்துப் பறித்து இடுப்பு பழகிவிட்டது.

அப்பாவின் நாற்பதாம் நாளுக்கு வர விடுப்புக் கிடைக்கவில்லை. நம் ஊர் வழக்கப்படி இங்கேயே நெய்யில் ஏழு ரொட்டி பொரிக்கலாம் என்று டவுனுக்குப் போனேன். சூப்பர்மார்க்கெட்டில் வெளிநாட்டுச் சாமான் அலமாரியில் நெய் இருந்தது. சின்ன பாட்டில், யானை விலை. பக்கத்துத் தெருவில் பாகிஸ்தான்காரர் கடையில் அதே விலைக்குப் பெரிய டப்பாவே கிடைத்தது.

"இவ்வளவு நெய்யா! வீட்ல கல்யாணமாம்மா?" என்றார் கடைக்காரர்.

"இல்லீங்க, எங்கப்பா இறந்துட்டாரு."

அவர் சிரிப்பு நின்றது. "அப்பா பேரு என்னம்மா?"

"தொக்தோசுன்."

அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நின்று, கையேந்தி, அப்பாவுக்காக ஓதினார். அப்பா இறந்ததற்கு அப்போதுதான் முதல்முறையாக அழுதேன். பயப்படாதீர்கள், கொஞ்ச நேரம்தான்.

ரொட்டி நன்றாக வந்தது. அறைத்தோழிகளும் சாப்பிட்டார்கள். பொரிக்கும் வாசனை போனவர்களைச் சேரும் என்பீர்களே, இவ்வளவு தூரத்திலிருந்தும் சேருமா?

அப்பாவின் தொப்பியைத் துவைத்துவிடாதீர்கள். வேலைக்கு வேன் வந்துவிட்டது.

உங்கள் மகள்
பெர்மெத்