என் பெயரில் ஒரு ஃபைல்

மார்ச் 3, செவ்வாய்

ஒன்றரை வருஷம் கழித்து மறுபடி அதே ஆஸ்பத்திரி. தங்கை கிரிஜாவுக்கு மார்பிலிருந்து எடுத்த கட்டி இப்போது கல்லீரலில் வந்து உட்கார்ந்திருக்கிறது. சென்னை டாக்டர் பழைய ஃபைல் முழுவதும் வேண்டும் என்கிறார். ஆபரேஷன் குறிப்பு, கொடுத்த மருந்து, பயாப்சி ஸ்லைடு, எல்லாம்.

ரெக்கார்ட்ஸ் செக்‌ஷன் கீழ்த்தளத்தில். கிளார்க் ராகேஷ் நன்றாகத் தமிழ் பேசுகிறார்.

"பேஷண்ட் யாருக்கா?"

"நான்தான்."

கிரிஜா பெஞ்சில் உட்கார்ந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதையெல்லாம் இங்கேதான் எழுத முடியும். கிரிஜா டியூஷன் எடுத்துப் பிழைக்கிறவள். அவளுக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது. என் வீட்டுக்காரருக்கு, அவர் வேலை பார்க்கும் நாச்சாரம் கம்பெனியில் குடும்பத்துக்கே இன்ஷூரன்ஸ் கார்டு. எனக்கும் அவளுக்கும் இரண்டு வயசுதான் வித்தியாசம், ஒரே முகம். என் ஆதாரைக் காட்டி அவளை வேதா என்று அட்மிட் செய்தோம். அப்போது அதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன். மூளை எங்கே போயிருந்தது?

"எழுவத்திரண்டு மணி நேரத்துல குடுத்துருவோம். பக்கத்துக்குப் பத்து ரூபா, ஸ்லைடுக்கு ரெண்டாயிரம் தனி" என்றார் ராகேஷ். பிறகு என்னைப் பார்த்து, "ஆபரேஷன் ஆனவங்க மாதிரியே தெரியலக்கா. நல்லா இருக்கீங்க" என்றார்.

நல்ல மனுஷன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மார்ச் 5, வியாழன்

இருநூற்றுப் பதினாறு பக்கம். ஸ்லைடோடு சேர்த்து நாலாயிரத்து நூற்று அறுபது ரூபாய் கட்டினேன். ஜெராக்ஸுக்கு இவ்வளவா என்று ஆட்டோவில் வழி நெடுகத் திட்டிக்கொண்டே வந்தேன்.

மார்ச் 6, வெள்ளி

ஃபைல் வந்துவிட்டது. மத்தியானம் முழுக்கப் படித்தேன். எல்லாப் பக்கத்திலும் என் பெயர், என் வயசு. கல்யாணமே ஆகாதவளுக்கு இரண்டு பிரசவம் என்று இருக்கிறது. நான் போடும் பிரஷர் மாத்திரைகூட இருக்கிறது. சொல்லிக் கொடுத்ததை ஒன்று விடாமல் ஒப்பித்திருக்கிறாள்.

நான்காம் பக்கம். "குடும்பத்தில் யாருக்கும் புற்றுநோய் இல்லை."

அதுவும் நான் சொல்லிக் கொடுத்ததுதான். அம்மா இதே நோயில் நாற்பத்தெட்டு வயசில் போனாள். அதைச் சொன்னால் இன்ஷூரன்ஸ்காரன் பிடித்துக்கொள்வான் என்று எனக்குப் பயம். அம்மா நெஞ்சு வலியில் போனாள்னு சொல்லுடி என்றேன். ஆட்டோவில் இரண்டு தரம் திருப்பிச் சொல்ல வைத்தேன்.

பதினோராம் பக்கத்தில் டாக்டர் எழுதியிருக்கிறார்: குடும்பத்தில் யாருக்கும் இல்லாததால் மரபணுச் சோதனை தேவையில்லை, கட்டியை மட்டும் எடுத்தால் போதும்.

உண்மையைச் சொல்லியிருந்தால் காப்பாற்றியிருப்பார்களா? தெரியாது. யாரிடம் கேட்பது?

மார்ச் 7, சனி

சமைத்தேன். சாப்பிடவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

ஸ்லைடு போய்ச் சேர்ந்ததும் சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து போன். "பேஷண்ட் பேர் கிரிஜா. ஸ்லைடுல வேதான்னு இருக்கு. வேற ஆளோட ஸ்லைடை நாங்க பாக்க மாட்டோம்."

கிரிஜா சிரித்தாள். இந்த ஊர் உருது அவள் நாக்கிலும் ஒட்டிவிட்டது. "கைக்கு, எதுக்குக்கா இவ்ளோ யோசிக்கிறே? அங்கயும் வேதான்னே படுத்துக்கிறேன். பழகிடுச்சு."

இவள் வேதா என்றே படுத்தால் அந்த நான்காம் பக்கமும் கூடவே போகும். அந்த டாக்டரும் அதை நம்பித்தான் மருந்து கொடுப்பார்.

மார்ச் 11, புதன்

ஆள் மாறியதை ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிடப் போகிறேன் என்று இவரிடம் சொன்னேன்.

"ரிட்டயர் ஆக மூணு வருஷம் இருக்குடி. வேலை போயிடும். கட்டின பணத்தைத் திருப்பிக் கேப்பான். கேஸ் போட்டா நான் எங்க போவேன்?"

அவர் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை. நான்காம் பக்கத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்.

"இது நீ சொல்லிக் குடுத்ததா?"

"ஆமா."

கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

மார்ச் 13, வெள்ளி

கடிதம் கொடுத்தாயிற்று. படுத்தவள் கிரிஜா என்று எழுதினேன். அம்மாவுக்கு இருந்த நோயையும் எழுதினேன். அதை மறைக்கச் சொன்னது யார் என்பதை மட்டும் எழுதவில்லை. கை வரவில்லை. கோழை.

ராகேஷ் இரண்டு தரம் படித்தார். "அக்கா, நான் வாங்கிட்டா இது இன்ஷூரன்ஸுக்குப் போயிரும். எடுத்துட்டுப் போயிருங்க. நான் பாக்கலைன்னு வெச்சுக்கறேன்."

"நக்கோ, வேணாம். சீல் போட்டுக் குடுங்க" என்றேன்.

சீல் போட்ட நகலைச் சென்னைக்கு அனுப்பினேன்.

ஏப்ரல் 2, வியாழன்

சஸ்பென்ஷன் ஆர்டர் வந்திருக்கிறது. இவர் சொல்லவில்லை. துவைக்கப் போட்ட சட்டையின் பையில் மடித்து இருந்தது. படித்துவிட்டு அவர் மேஜைமேல் வைத்தேன்.

ஏப்ரல் 9, வியாழன். சென்னை

டாக்டர் கிரிஜாவிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டார். கல்யாணம் ஆகவில்லை, பிரசவம் இல்லை, பிரஷர் இல்லை என்று மெதுவாக, அவளாகவே சொன்னாள். எவ்வளவு நாள் என்று அவளே கேட்டாள். மருந்து பிடித்தால் ஒரு வருஷம், கொஞ்சம் கூடவும் இருக்கலாம் என்றார்.

பிறகு என் கடிதத்தைப் புரட்டினார். "அம்மாவுக்கு இருந்ததை அப்பவே ஏன்மா சொல்லலை?"

சொல்லிவிடு, கிரிஜா. சொல்லேன்டி.

"நான்தான் பயந்துட்டேன் டாக்டர்" என்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை. "எங்கக்காவுக்கும் அந்த மரபணு டெஸ்ட் எடுத்துடுங்க. அவளா வரமாட்டா."

ரத்தம் எடுக்க வந்த நர்ஸ் என் பெயரைக் கேட்டாள். ஃபைல் முழுக்க இருந்த அந்தப் பெயரை என் வாயால் சொல்ல வரவில்லை. கிரிஜாதான் சொன்னாள்.